சிப்பாய் தூக்கிய துப்பாக்கி

தபால் தலை சேர்ப்பவரை நாம் அறிவோம். பழங்காசு சேர்ப்பவரையும் அறிவோம். அவர்களைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. மிஞ்சிப் போனால், வேறு வேலையில்லாதவர் என்று வீட்டார் சலித்துக் கொள்வதோடு சரி. ஆனால் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர் என்று ஒருவரை அறிமுகம் செய்து வைத்தால், கேட்பவர் முகம் சற்றே மாறுகிறது. கொலைக் கருவியைத் தேடித் தேடி வாங்கிச் சுவரில் மாட்டி வைப்பவன் எத்தகைய மனிதன் என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானதே. விடையோ, கேட்பவர் எதிர்பார்ப்பது அன்று.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் இது பலரும் கைக்கொண்டுள்ள பொழுதுபோக்கு. இதற்கெனச் சங்கங்கள் உண்டு, சந்தைகள் உண்டு, ஒரு திருகாணியின் தலை எந்த ஆண்டில் மாறிற்று என்று இரவெல்லாம் வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒரு சாரார் நம் கவனத்துக்கு விசேஷமாக உரியவர்கள். அவர்கள் சேர்ப்பவை இந்தியச் சிப்பாய்கள் தோளில் தூக்கிய துப்பாக்கிகள். இங்கிலாந்திலே செய்யப்பட்டு, இந்தியாவுக்கென்று முத்திரையிடப்பட்டு, கப்பலேறி வந்து, சென்னை, வங்காளம், பம்பாய் ராணுவங்களுக்கு வழங்கப்பட்டவை. அந்தத் துப்பாக்கிகளைத் தூக்கியவர்கள் நம் முன்னோர்கள். அவற்றைப் பற்றி நன்கு அறிந்தவர்களோ பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். இந்த விபரீதத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

பழைய துப்பாக்கி என்றவுடன் நம்மவருக்கு நினைவு வருவது ராஜாக்களின் துப்பாக்கி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளை போன திப்பு சுல்தானின் ஆயுதங்கள், புலித்தலையும் புலிவரியும் பொறித்தவை, லண்டன் ஏலங்களில் பெருஞ் செல்வர்கள் போட்டியிட்டு வாங்கும் பொருள்களாகி விட்டன. 2015-ல் நடந்த ஏலத்தில் அவை பல லட்சம் பவுனுக்குப் போயின. போகட்டும். தங்கம் இழைத்த துப்பாக்கி அரசனின் செல்வத்தைச் சொல்லும். தச்சன், கொல்லனின் திறமையைச் சொல்லும். அதற்கு மேல் அது அதிகமாகப் பேசுவதில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாகச் செய்து, ரூபாய்க் கணக்குப் பார்த்து வாங்கி, பெயர் தெரியாத சிப்பாயின் கையில் கொடுத்த சாதாரணத் துப்பாக்கிதான் அதிகம் பேசுகிறது. ஏனெனில் அதைக் கொடுத்தவன் தான் யாரை நம்பினான், யாரை நம்பவில்லை என்பதை அதன் இரும்பிலேயே எழுதி வைத்துவிட்டான்.

முதலில் கம்பெனியின் துப்பாக்கியை எடுத்துக் கொள்வோம். சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறந்து, மருந்து பற்றி வெடிக்கும் துப்பாக்கி அது. குழலின் நீளம் 39 அங்குலம். வாய் முக்கால் அங்குலம். எடை ஏறக்குறைய 10 பவுண்டு. இங்கிலாந்து மன்னரின் சொந்தத் துருப்புகள் அதுவரை வைத்திருந்தது 42 அங்குலக் குழல் கொண்ட, இன்னும் கவனமாகச் செய்யப்பட்ட துப்பாக்கி. வியாபாரக் கம்பெனி அல்லவா? மூன்று அங்குல இரும்பை மிச்சம் பிடித்து, பித்தளைப் பூண்களையும் எளிமையாக்கிச் செலவைக் குறைத்தது. வேடிக்கை என்னவென்றால், 1793-ல் பிரான்ஸுடன் யுத்தம் மூண்டு துப்பாக்கிப் பஞ்சம் ஏற்பட்டபோது, கம்பெனியின் கிடங்கிலிருந்த இந்தச் சிக்கன மாதிரியைத்தான் மன்னரின் சர்க்கார் அவசரமாக வாங்கிற்று. பிறகு 1797-ல் அதையே தன் மாதிரியாகவும் ஏற்றுக் கொண்டது. நெப்போலியனை எதிர்த்து 1815-ல் வாட்டர்லூவில் நின்ற பிரிட்டிஷ் சோல்ஜர்கள் பலரின் கையில் இருந்தது ‘இந்தியா மாதிரி’ என்ற பெயர் கொண்ட துப்பாக்கியே.

சேகரிப்போர் இத்துப்பாக்கியைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது குதிரைத் தகட்டை. இருதய வடிவம் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டு, நாலாகப் பிரிக்கப்பட்டு, உள்ளே கம்பெனிப் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். துணி மூட்டைகளிலும் மிளகுச் சாக்குகளிலும் கம்பெனி போட்ட அதே வியாபார முத்திரை அது. 1808 முதல் இருதயம் போய், கிரீடத்தைப் பற்றி நிற்கும் சிங்கம் வந்து விட்டது. மூட்டைக் குறியிலிருந்து சிங்கத்துக்கு! அந்த இடைக்காலத்தில்தான் மைசூர் வீழ்ந்தது, பாளையங்கள் ஒடுங்கின, மராட்டியர் தோற்றனர், டில்லி கைமாறியது. வியாபாரி அரசனாகிய கதையைச் சொல்லப் பெரும் புத்தகங்கள் இருக்கின்றன. துப்பாக்கித் தகட்டில் அது ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் அடங்கிக் கிடக்கிறது.

இனி 1857-க்கு வருவோம். என்பீல்டு ரைபிளையும், கொழுப்புத் தடவிய தோட்டாவையும், மங்கள் பாண்டேயையும், மீரத்தில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரரையும் அறியாத தேசபக்தர் இருக்க மாட்டார். தோட்டாவைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே அதைச் சற்று விளக்குவது அவசியம்.

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு குழலை விடச் சற்றே சிறிதாக இருக்கும்; இல்லாவிட்டால் வாய் வழியாக இறங்காது. ஆகவே வெடிக்கும்போது அது குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு வெளியேறும். 100 கஜத்துக்கு அப்பால் அது எங்கே போகும் என்பது சுட்டவனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கே வெளிச்சம். 1853-ல் ஏற்பட்ட என்பீல்டு ரைபிளோ வேறு ஜாதி. அதன் வாய் 0.577 அங்குலம். குழலின் உள்ளே மூன்று பள்ளங்கள் மரையைப்போல் சுற்றிச் செல்லும். கூம்பு வடிவான ஈயக் குண்டின் அடிப்பாகம் மருந்து வெடித்த வேகத்தில் விரிந்து அந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். குண்டு பம்பரம்போல் சுழன்று நேராகப் பாயும். குழலின்மேல் ஏணிபோல் நிமிரும் குறித்தகடு ஒன்று இருக்கும். அதில் 900 கஜத்துக்கும் அதற்கு மேலும் அளவுகள் வெட்டியிருப்பார்கள். படைக்கலத்தில் இது சாதாரண முன்னேற்றம் அல்ல. பழைய துப்பாக்கிக்காரன் எதிரியின் முகத்தைக் காண்பதற்கு முன்பே ரைபிள்காரன் அவனை வீழ்த்திவிடலாம்.

1857-ன் தொடக்கத்தில் இந்த ரைபிளைப் பழக்குவதற்காக டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் பயிற்சி நிலையங்களை அமைத்தார்கள். சிப்பாய்களில் பெரும்பாலோர் கைக்கு அது வந்து சேருமுன்னரே கிளர்ச்சி வெடித்து விட்டது. வெள்ளைத் துருப்புகள் என்பீல்டு ரைபிளுடனும், கிளர்ந்தெழுந்தவர்கள் பெரும்பாலும் பழைய வழுவழுக் குழல் துப்பாக்கிகளுடனும் மோதினார்கள். டில்லியிலும் லக்னோவிலும் நடந்த போரின் முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடக்கிய பிறகு என்ன செய்தார்கள்? இங்கேதான் சேகரிப்போரின் பெட்டியிலிருந்து ஓர் உண்மை வெளிவருகிறது. கிளர்ச்சியை விசாரித்த ராணுவக் கமிஷன் 1859-ல் யோசனை கூறிற்று. வங்காளத்தில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளையர், சென்னை, பம்பாயில் மூன்று இந்தியருக்கு ஒரு வெள்ளையர் என்ற விகிதம் வேண்டும். பீரங்கிகள் வெள்ளையர் கையிலேயே இருக்க வேண்டும் என்றது. இவை நம் சரித்திரப் பாட புத்தகங்களிலும் உண்டு. துப்பாக்கியின் சங்கதி பாட புத்தகங்களில் இல்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858-ல் ஒரு புது மாதிரித் துப்பாக்கி வந்தது. வெளியே பார்த்தால் அசல் என்பீல்டு. அதே மரக்கட்டை, அதே மூன்று பூண்கள், அதே குதிரை, அதே நீளம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைச் சோல்ஜரின் ரைபிளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. குழல் வாயில் விரலை விட்டால் தெரியும். உள்ளே மரை இல்லை! 0.577 அங்குலத் துளையை 0.656 அங்குலமாகக் குடைந்து, மூன்று பள்ளங்களையும் இல்லாமற் செய்து, வழுவழுக் குழலாக்கி விட்டார்கள். ஏணிக் குறித்தகட்டையும் எடுத்துவிட்டு, அசையாத ஒரு சிறு துண்டை வைத்தார்கள். குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்துபோய், கொஞ்சம் அடிபட்டாலும் நெளிந்தது. ஆகவே அடுத்த ஆண்டு மாதிரியில் குழலைக் கனமாக்கினார்கள். மரையை மட்டும் திருப்பித் தரவில்லை.

சிக்கனத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்லலாம். வழுவழுக் குழலுக்குக் கொழுப்புத் தோட்டா தேவையில்லை, ஆகவே சிப்பாயின் மதத்தை மதித்தே செய்தார்கள் என்றுகூடச் சாமர்த்தியமாகச் சொல்லலாம். கொழுப்புத்தான் தகராறு என்றால், நெய்யும் தேன்மெழுகும் தேசத்தில் இல்லாமற் போகவில்லை. உண்மையில், சிப்பாய்கள் தாங்களே மசகு தயாரித்துக் கொள்ளலாம் என்று 1857-லேயே உத்தரவு பிறந்திருந்தது. குறித்தகட்டை ஏன் எடுத்தார்கள்? அதில் பசுவும் இல்லை, பன்றியும் இல்லை. நூறு கஜத்துக்கு அப்பால் இந்தியன் குறிபார்க்க வேண்டாம் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கூற நம்மால் இயலவில்லை. ஒரு பேரரசு தன் பயத்தை வாயால் ஒப்புக்கொள்ளாது. ஆனால் தொழிற்சாலையில் குடைந்த இரும்பு ஒப்புக்கொண்டு விட்டது. அந்த ஒப்புதல் வாக்குமூலத்தை எண்ணெய் போட்டுப் பாதுகாக்கிறவர்கள் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள சேகரிப்போர்.

அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு படி பின்னே என்பதே விதியாயிற்று. 1866-ல் பின்புறமாகத் தோட்டா போடும் ஸ்னைடர் ரைபிள் வெள்ளையருக்கு வந்தது. 1871-ல் அவர்கள் மார்ட்டினி ஹென்றிக்கு மாறினார்கள். மாறிய பிறகுதான் ஸ்னைடர் இந்தியருக்கு இறங்கியது. இதன் விளைவு என்னவென்பதை ஆப்கானிஸ்தானத்தில் 1880 ஜூலை 27-ந் தேதி மைவாந்த் போர்க்களத்தில் பார்க்கலாம். ஒரே பட்டாளத்தில், ஒரே வெயிலில், ஒரே எதிரியின் முன் நின்ற 66-வது வெள்ளை ரெஜிமெண்டின் கையில் மார்ட்டினி. பக்கத்தில் நின்ற பம்பாய் கிரெனேடியர்கள் கையிலும் ஜேக்கப் ரைபிள்காரர் கையிலும் ஸ்னைடர். தோல்வியின் பழியைச் சுமத்தும்போது மட்டும், இந்திய அணிகள்தான் முதலில் உடைந்தன என்று எழுதி வைத்தார்கள். 1914 செப்டம்பரில் இந்தியத் துருப்புகள் பிரான்ஸுக்குக் கப்பலேறியபோதும் கதை முடியவில்லை. மார்ஸேல் துறைமுகத்தில் இறங்கிய பிறகே அவர்களுக்குப் புது மாதிரி ரைபிளைக் கொடுத்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் நின்றார்கள். கைக்குப் புதிய துப்பாக்கி, காலுக்குப் புதிய குளிர்.

இந்தத் தந்திரத்தின் கடைசி அத்தியாயம் நம் தேசத்திலேயே செய்யப்பட்டது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இஷாப்பூர் என்ற இடத்தில் சர்க்காரின் ரைபிள் தொழிற்சாலை இருக்கிறது. மங்கள் பாண்டே தூக்கிலிடப்பட்ட பாரக்பூரிலிருந்து அது வெகு தூரமில்லை. அங்கே லீ என்பீல்டு ரைபிள்களை எடுத்து, 0.303 அங்குலக் குழலை 0.410 அங்குல வழுவழுக் குழலாக்கி, பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியில் கட்டையைச் செருகி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி செய்தார்கள். போலீஸ்காரருக்கும் சிறைக் காவலருக்கும் அது வழங்கப்பட்டது. துப்பாக்கி பறிபோய்ப் புரட்சிக்காரர் கையில் சிக்கினாலும் ராணுவத்தின் ரைபிளுக்கு அது ஈடாகாது என்பதே ஏற்பாடு. 1858-ல் கற்ற பாடத்தை எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை. வெளிநாட்டுச் சேகரிப்போரிடையே இந்த ‘நானூற்றுப் பத்து’ மிகவும் மலிவான சரக்கு. உடைந்த ரைபிள் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் 1858-ம் ஆண்டு மாதிரிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அஹிம்சையால் சுதந்திரம் அடைந்த நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று ஒரு நண்பர் கேட்கலாம். ஆயுதத்தை வெறுப்பது வேறு, ஆயுதம் பறிக்கப்பட்டதை மறப்பது வேறு. 1930-ல் காந்தியடிகள் வைஸ்ராய் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் அளிக்க வேண்டுமென்பதும் ஒன்று. 1931-ல் கராச்சி காங்கிரஸ் இயற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, இடம் பெற்றது. தாம் ஆயுதம் ஏந்த விரும்பாதவர்களே, ஏந்தக் கூடாதென்று அயலான் தடுப்பது அவமானம் என உணர்ந்திருந்தார்கள்.

அந்த அவமானம் தென்னாட்டில் வெகு சீக்கிரமே தொடங்கிற்று. பாளையக்காரர்களை ஒடுக்கியபின் 1801 டிசம்பர் 1-ந் தேதி சென்னைக் கவர்னர் விடுத்த பிரகடனம், தென் பாளையங்களின் ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனித் தரிக்கலாகாது என்று கட்டளையிட்டது. 1857-க்குப் பின் தேசமெங்கும் அதே கதை. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம் என்றது. ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு அளித்தது. குடகு மக்களுக்குத் தனிச் சலுகை இருந்தது, இன்றும் இருக்கிறது. அது தனிக் கதை. வெளிநாடுகளில் சாமானியன் பழந்துப்பாக்கியைக் கண்காட்சிப் பொருளாக வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், நம் நாட்டில் பரண்மேல் இருந்த பாட்டன் துப்பாக்கியைப் பயந்து கிணற்றில் போட்டார்கள். சேகரிக்கும் பழக்கம் எப்படி முளைக்கும்? முளைத்த இடம் அரண்மனைகள் மட்டுமே.

அரண்மனைகளின் கதியும் நன்றாயில்லை. தஞ்சை மராட்டிய அரசின் ஆயுதசாலை தென்னிந்தியாவிலேயே பெயர் பெற்றது. 1855-ல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ஆயுதசாலையும் அதனுடன் போயிற்று. வாளும் ஈட்டியும் அங்குசமும் கட்டாரியும் மலைபோல் குவிந்து கிடந்ததில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு வந்தது. மிஞ்சியதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். உடைத்தவர்கள் பரம்பரை விரோதிகள் அல்லர். கணக்குத் தீர்க்கும் உத்தியோகஸ்தர்கள். அந்த ஆயுதசாலையின் பெருமையை வருத்தத்துடன் எழுதி வைத்தவரும் ஒரு வெள்ளை உத்தியோகஸ்தரே. எழும்பூரில் இன்று நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவை. கோட்டையில் 1948-ல் திறக்கப்பட்ட மியூசியத்திலும் கம்பெனி காலத்து ஆயுதங்கள் உள்ளன. போகிறவர்களில் பலர் பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஆயுதசாலை கைமாறாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து நாடே உதாரணம். நேபாளத்தைப் பிரிட்டிஷார் ஆளவில்லை. ஆகவே காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கட்டடத்தில், பிரிட்டிஷார் கொடுத்தவை, நேபாளம் வாங்கியவை, அங்கேயே கொல்லர்கள் செய்தவை எல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குவிந்து கிடந்தன. கம்பெனி முத்திரையிட்ட சக்கிமுக்கித் துப்பாக்கிகள், 1853 மாதிரி என்பீல்டுகள், மார்ட்டினி ஹென்றிகள், சிறு பீரங்கிகள் என வரிசை வரிசையாக இருந்தன. அவற்றிடையே நேபாளிகளின் கைத்திறனும் இருந்தது. கஹேந்திர சம்ஷேர் என்ற ராணா குடும்பத்துத் தளபதி 1880-களில், மார்ட்டினியை ஒத்த ஒரு ரைபிளைத் தம் பட்டறையிலேயே செய்வித்தார். வீர சம்ஷேர் மகாராஜாவின் பெயரால் வழங்கும் இரட்டைக் குழல் இயந்திரத் துப்பாக்கியும் அவர் ஏற்பாடே. கைப்பிடியைச் சுழற்றினால் அது தொடர்ந்து சுடும். ஒவ்வொரு துண்டும் கையால் ராவிச் செய்தபடியால், ஒரு கஹேந்திர ரைபிளின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. அதிலே ஒரு பெருமையும் உண்டு, ஒரு துக்கமும் உண்டு. பர்மிங்ஹாமின் இயந்திரங்களோடு காட்மாண்டுக் கொல்லனின் அரம் போட்டியிட்ட கதை அது.

இந்தக் குவியல் முழுவதையும் 2003-ல் இரண்டு அமெரிக்க வியாபார ஸ்தாபனங்கள் நேபாள சர்க்காரிடமிருந்து விலைக்கு வாங்கின. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் மலையிறங்கிக் கப்பலேறின. 1898-ம் ஆண்டு முடியும் வரையில் செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருளே என்று அமெரிக்காவின் 1968-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே அவற்றை அங்கே தபாலில் வரவழைத்துக் கொள்ளவும் தடை ஏற்படவில்லை. ஓஹையோவிலோ டெக்ஸாஸிலோ ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, பல தலைமுறை எண்ணெய்ப்பிசுக்கைச் சுரண்டுகிறார். அடியிலிருந்து தேவநாகரி எண்கள் வெளிப்படுகின்றன. அவருக்கு அந்த எழுத்து படிக்க வராது. படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போகிறார், கேட்கிறார், எழுதி வைக்கிறார்.

இதற்காக அமெரிக்கருடன் நாம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. விற்றது சுதந்திர நாட்டின் சர்க்கார். வாங்கியவர்கள் பணம் கொடுத்து வாங்கினார்கள். தஞ்சையில் நடந்ததுபோல் உலைக்களத்துக்குப் போவதைக் காட்டிலும் ஓஹையோவின் கொட்டகைக்குப் போவது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு பொருளோடு அதைப் பற்றிய அறிவும் கூடவே போய்விடுகிறது. எந்த ரெஜிமெண்டின் எண் எந்தக் கட்டையில் வெட்டப்பட்டது, எந்த ஆண்டில் எந்த மாதிரி எந்த ராஜதானிக்கு வந்தது என்ற விவரங்கள் எல்லாம் இங்கிலீஷில் அங்கே அச்சாகின்றன. சென்னைச் சிப்பாயின் துப்பாக்கியைப் பற்றித் தமிழில் படிக்க விரும்பும் வேலூர், ஆர்க்காட்டு இளைஞனுக்குக் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு நூல் சுலபமாக அகப்படுவதில்லை. அவன் கொள்ளுப்பாட்டன் அந்தத் துப்பாக்கியோடு பர்மாவுக்கும் சீனாவுக்கும் போய் வந்தவனாகவும் இருக்கலாம்.

சரக்கு இருக்குமிடத்தில் போலியும் இருக்கும் அல்லவா? பெஷாவருக்குத் தெற்கே கோஹாட் செல்லும் வழியில் தர்ரா ஆதம் கேல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பட்டாணியக் கொல்லர்கள் எந்தத் துப்பாக்கியையும் பார்த்த மாத்திரத்தில் செய்து விடுவார்கள். முத்திரையையும் சேர்த்தே செய்வார்கள். எழுத்தறியாமல் பார்த்துப் பொறித்தபடியால் இங்கிலீஷ் எழுத்துகள் தலைகீழாகவோ கண்ணாடியில் தெரிவது போலவோ விழுந்துவிடும். விக்டோரியா ராணியின் பெயர் முத்திரைக்குக் கீழே 1919 என்று ஆண்டு போட்டிருக்கும். ராணியோ 1901-லேயே காலமாகி விட்டார். 2001-க்குப் பின் ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் இத்தகைய மார்ட்டினிகளை அசலென்று நம்பி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நமக்கென்னவோ அந்தக் கொல்லர்கள்மீது கோபம் வரவில்லை. பேரரசின் துப்பாக்கியைப் பேரரசுக்கு எதிராகவே செய்து பழகிய கை, பிற்காலத்தில் அதையே உல்லாசப் பிரயாணிக்கு விற்றது. போலி என்று தெரிந்தே அவற்றைத் தனியாகச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்நாட்டில் இந்த ஆசை உள்ளவர் என்ன செய்யலாம்? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1878-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. பழைய மாதிரியாகவோ பழம்பொருள் மதிப்புடையதாகவோ சிதைந்ததாகவோ உள்ள ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருந்தால், அதற்கு இச்சட்டம் பொருந்தாதென 45-வது பிரிவு கூறுகிறது. அதைத் தீர்மானிப்பது நாமல்ல. ஆகவே போலீஸ் நிலையத்திலும் கலெக்டர் ஆபீஸிலும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து முடிவு பெறுவதே விவேகம். நூறாண்டு கடந்த கலைப்பொருளைச் சர்க்கார் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, மியூசியத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, முத்திரைகளையும் எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொள்வதே முதற் சேகரம். இதற்கு லைசென்ஸ் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பழைய பெரிய வீடுகளில் பரண்மீதோ நெல் குதிருக்குப் பின்னாலோ ஒரு துப்பாக்கி அகப்படுவது நம் ஜில்லாக்களில் அபூர்வமன்று. அகப்பட்டால், முதலில் யாரும் அதன் வாயை ஒருவர் பக்கமாகத் திருப்பக் கூடாது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில், யாரோ நூறாண்டுக்கு முன் கெட்டித்த மருந்து அப்படியே உள்ளே இருக்கலாம். கரி மருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை காலமானாலும் வெடிக்கும். தெரிந்த ஆசாமி ஒரு குச்சியைக் குழலுக்குள் விட்டு, உள்ளே போன நீளத்தை வெளியே வைத்து அளந்து பார்த்தால், அடியில் அடைப்பு இருப்பது தெரிந்துவிடும். தெரிந்த ஆசாமி இல்லையென்றால் தொடாமல் வைத்துவிட்டுத் தகவல் கொடுப்பதே சரி. அடுத்தபடி, துருவைக் கண்டு பதறி உப்புக் காகிதத்தை எடுத்துத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அரத்தால் ராவுகிறவர்களும் உண்டு. பளபளப்பு வரும், தகட்டிலிருந்த இருதயமும் சிங்கமும் ஆண்டும் போய்விடும். மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். மரக்கட்டையின் வலப்புறத்தில் வட்டமாகவோ எழுத்தாகவோ பொறித்த குறி, பின்பக்கப் பித்தளைத் தகட்டில் வெட்டிய எண், குழலின் அடியில் கட்டையைக் கழற்றினால் மட்டும் தெரியும் கொல்லனின் முதலெழுத்து ஆகிய இவற்றை ஒரு காகிதத்தில் பதிவு செய்து, துப்பாக்கி வீட்டுக்கு வந்த வகையைப் பற்றி வீட்டுப் பெரியவர் சொல்லும் செய்தியையும் அதன் கீழே எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.